ஃப்ரீசர் நிறையப் பால் இருந்தால்தான் வேலைக்குப் போக முடியுமா?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருக்கு முதல் குழந்தை பிறந்து 7 வாரம் ஆகிறது. பெண் குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறாள். பிறந்தபோது 2.9 கிலோ இருந்தவள், போன வாரம் 4.4 கிலோ. இன்னும் 5 வாரத்தில் அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டும். போகவர ஆகும் நேரத்தையும் சேர்த்தால் தினமும் 10 மணி நேரம் குழந்தையைப் பிரிந்திருப்பார். செல்போனில் பார்த்த வீடியோக்களில் தாய்மார்கள் ஃப்ரீசரைத் திறந்து அடுக்கடுக்காகப் பால் பைகளைக் காட்டுகிறார்கள். தானும் வேலைக்குப் போவதற்குள் 5 லிட்டராவது சேர்த்துவிட வேண்டும் என்று இரண்டு வாரமாகப் பம்ப் வைத்து எடுத்துவருகிறார். குழந்தைக்குக் கொடுத்து முடித்ததும் எடுப்பதாக ஒரு நாளைக்கு 5 முறை. இரவு 2 மணிக்கு அலாரம் வைத்தும் எழுகிறார். ஒவ்வொரு முறையும் இரண்டு மார்பிலும் சேர்த்து 20, 30 மில்லிதான் வருகிறது.

இதற்கிடையில் மூன்று சங்கடங்கள். வலது மார்பில் மூன்று நாளாக வலியோடு ஒரு கட்டி. ஒரு நாள் மின்சாரம் 5 மணி நேரம் போனதால், ஃப்ரீசரிலிருந்த பால் கெட்டிருக்கும் என்று பயந்து 9 பைகளை அழுதுகொண்டே கொட்டியிருக்கிறார். போன வாரம் கணவர் ஒரு பையை உருக்கி ஊட்டிப் பார்த்தபோது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகர்ந்து பார்த்தால் சோப்பு வாசனை. 'நான்தான் சொன்னேனே, எடுத்து வைத்த பாலில் சத்து இருக்காது, கெட்டுப்போகும்' என்கிறார் மாமியார். இப்போது ஃப்ரீசரில் 24 பைகள் இருக்கின்றன, பைக்கு 50 மில்லி அளவில். எனக்குப் பால் போதவில்லையா, எத்தனை லிட்டர் சேர்க்க வேண்டும், தனியாக ஒரு ஃப்ரீசர் வாங்கிவிடலாமா, சேர்த்த பாலெல்லாம் வீணா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயத்தை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கட்டி. 'நன்றாகக் காலி செய்தால் கரைந்துவிடும் என்று வலது பக்கம் கூடுதலாகப் பம்ப் வைக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை இன்றே நிறுத்துங்கள். முன்பு நாங்களும் அப்படித்தான் சொல்லிவந்தோம்: சூடு வை, அழுத்தித் தேய், முழுக்கக் காலி செய். இப்போது அந்த ஆலோசனை மாறிவிட்டது. தாய்ப்பால் மருத்துவ அகாடமி என்ற சர்வதேச மருத்துவர் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. உள்ளே பாலின் குழாய்களைச் சுற்றி வீங்கியிருக்கிறது. அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். கூடுதலாக எடுத்தால் பால் இன்னும் அதிகமாகச் சுரந்து அதே இடத்தில் நெருக்கும். குழந்தை கேட்கும்போது வழக்கம்போல் கொடுங்கள். அந்தப் பக்கமும் கொடுக்கலாம், பாலுக்கு ஒன்றும் ஆகாது. கொடுத்து முடித்த பிறகு துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். இறுக்கமில்லாத, ஆனால் தாங்கலான உள்ளாடை போடுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், மார்பில் சிவப்பு பரவுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். எதுவும் வரவில்லை, ஆனால் இரண்டு நாளில் கட்டி குறையவும் இல்லை என்றாலும் காட்டிவிடுங்கள்.

இந்தக் கட்டிக்கும் நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளுக்கும் ஒரே வேர்தான். உங்கள் உடலுக்கு இப்போது ஒரு குழந்தையா, ஒன்றரைக் குழந்தையா என்று குழப்பமாக இருக்கிறது. முதல் சில வாரங்கள் கழிந்ததும் மார்பு தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்கிறது. எடுக்க எடுக்கச் சுரக்கிறது, தேங்கினால் சுரப்பைக் குறைக்கிறது. தேங்கும் பாலில் உள்ள ஒரு புரதமே 'போதும்' என்று சுரப்பிகளுக்குச் சொல்வதாக விளக்குவார்கள். குழந்தை குடித்துவிட்டுப் போதும் என்று விட்ட பிறகு தினமும் ஐந்து முறை பம்ப் வைக்கும்போது, யாரும் குடிக்காத பாலுக்கு நீங்கள் ஆர்டர் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

5 லிட்டர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

வீடியோவில் தெரியும் நிறைந்த ஃப்ரீசர், பெரும்பாலும் தேவைக்கு மேல் சுரக்கும் ஒரு தாயினுடையது. அவருக்கு அது தொல்லையாகக்கூட இருக்கலாம். வீடியோவில் அது தெரிவதில்லை. நாம் உங்கள் மகளின் கணக்கைப் போடுவோம்.

ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கிறது. சில குழந்தைகள் கூடவோ குறையவோ குடிக்கும். ஆனால் இந்த ஐந்து மாதத்தில் அந்த அளவு பெரிதாக ஏறுவதில்லை. பவுடர் பால் அளவு மாதாமாதம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். 24 மணி நேரத்துக்கு 750 என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30. நீங்கள் 10 மணி நேரம் இல்லாதபோது அவளுக்கு 300 மில்லி வேண்டும். அவள் கொஞ்சம் அதிகம் குடிப்பவளாக இருக்கலாம், கொஞ்சம் சிந்தலாம் என்று வைத்து 400 என்று எடுத்துக்கொள்வோம்.

அப்புறம் முக்கியமான விஷயம். வேலைக்குப் போன முதல் நாள் வீட்டில் அவள் குடிப்பது ஃப்ரீசர் பால். அதே நாள் நீங்கள் வேலை இடத்தில் மூன்று முறை எடுக்கிறீர்கள். இரண்டாம் நாள் அவள் குடிப்பது அந்தப் பால். இரண்டாம் நாள் எடுத்தது மூன்றாம் நாளுக்கு. ஃப்ரீசரிலிருப்பது முதல் நாளுக்கும், ஏதாவது தடங்கல் வரும் நாளுக்கும் மட்டும்தான். முதல் நாளுக்கு 400, கைக்காப்பாக இன்னும் ஒன்றரை நாளுக்கு 600. மொத்தம் 1 லிட்டர்.

உங்கள் ஃப்ரீசரில் 24 பை, பைக்கு 50 மில்லி. அது 1200 மில்லி. உங்களுக்குத் தேவையானது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது, சகோதரி. அந்த வாசனையால் அதில் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது, அதற்கு வருகிறேன். ஆனால் அளவைப் பற்றி நீங்கள் பட்ட கவலை இத்தோடு முடியலாம். தனி ஃப்ரீசர் தேவையே இல்லை.

20 மில்லி என்பது குறைவா?

இல்லை. சமைத்து எல்லோருக்கும் பரிமாறிய பிறகு பாத்திரத்தின் அடியில் இருப்பதை அளந்து, 'இவ்வளவுதான் சமைத்தேன்' என்று சொல்வோமா? குழந்தை வயிறு நிறையக் குடித்த பிறகு எடுத்த பால் அது. அந்த நேரத்தில் 15 மில்லி வந்தாலும் 50 வந்தாலும் இயல்புதான். பம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒழுங்காகச் சப்பிக் குடிக்கும் குழந்தையைப் போலப் பாலை எடுக்காது. பம்பில் விழும் அளவு உங்கள் பால் சுரப்பின் அளவே அல்ல.

பால் போதுமா என்பதைக் குழந்தையிடம்தான் பார்க்க வேண்டும். உங்கள் மகள் 7 வாரத்துக்குள் 1.5 கிலோ ஏறியிருக்கிறாள், அதாவது வாரத்துக்கு 200 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்குப் போதுகிறது. நன்றாகவே போதுகிறது.

எனவே பம்ப் வைப்பதைப் படிப்படியாகக் குறையுங்கள். முதலில் போக வேண்டியது அந்த 2 மணி அலாரம். இரவில் பால் சுரக்கும் ஹார்மோன் கூடுதலாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், உண்மைதான். அதற்குக் குழந்தை எழும்போது கொடுப்பதே போதும். அவள் தூங்கும்போது நீங்கள் எழ வேண்டியதில்லை. முதல் இரண்டு இரவு மார்பு கனத்தால் கையால் கொஞ்சம், வலி தணியும் அளவுக்கு மட்டும், எடுத்துவிட்டுப் படுங்கள். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாக மற்றவற்றையும் விட்டுவிட்டு, காலையில் முதல் முறை கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை, 10 அல்லது 15 நிமிடம் எடுங்கள். பலருக்கும் அந்த நேரத்தில்தான் பால் தாராளமாக இருக்கும். ஒரே நாளில் ஐந்தையும் நிறுத்தினால் பால் கட்டிக்கொள்ளும், அவசரப்பட வேண்டாம்.

பம்ப் வைக்கும்போது வலிக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வலிக்கக் கூடாது. வலித்தால், காம்பு வெளுத்தோ சிவந்தோ தேய்ந்தோ இருந்தால், பம்பில் மார்பின் மேல் வைக்கும் புனலின் அளவு உங்களுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். பெட்டியோடு வரும் புனல் எல்லோருக்கும் பொருந்தாது. வேறு அளவுகள் தனியாகக் கிடைக்கும். இழுவிசையைக் கூட்டினால் பால் கூடும் என்பதும் தவறு.

சோப்பு வாசனை

அந்தப் பால் கெட்டுப்போகவில்லை. கெட்ட பால் புளித்த வாடை அடிக்கும், அதை முகர்ந்தாலே தெரியும். சோப்பு வாசனை வேறு. தாய்ப்பாலில் லைபேஸ் என்ற நொதி இருக்கிறது. கொழுப்பைக் குழந்தை எளிதாகச் செரிப்பதற்காக உடல் கொடுத்தது. எடுத்து வைத்த பாலிலும், ஃப்ரீசரின் குளிரிலும்கூட, அது மெதுவாகத் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கொழுப்பு உடைய உடைய அந்த வாசனை வரும். சிலருக்கு அது சீக்கிரமே வந்துவிடுகிறது. குடித்தால் குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை. பல குழந்தைகள் கண்டுகொள்ளாமல் குடித்துவிடும். உங்கள் மகளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். புதிதாக எடுத்த பாலில் கொஞ்சத்தை மூடிய குப்பியில் ஃப்ரிட்ஜில் வைத்து, 12 மணி நேரம் கழித்தும், மறுநாளும், அதற்கு மறுநாளும் முகர்ந்து பாருங்கள். மறுநாள் வரை வாசனை மாறவில்லை என்றால் உங்களுக்குப் பெரிய நிம்மதி. இன்று எடுத்து நாளை கொடுக்கும் பாலுக்கு இந்தப் பிரச்சினையே வராது.

இனி ஃப்ரீசரில் வைக்கப்போகும் பாலுக்கு ஒரு வழி உண்டு. எடுத்தவுடன், வாசனை வருவதற்கு முன், சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். பாத்திரத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஓரத்தில் குண்டூசித் தலை அளவில் குமிழிகள் வரிசையாக வரும், நடுவில் பால் அசையாமல் இருக்கும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும், கொதிக்கக் கூடாது. அது ஏறக்குறைய 82 டிகிரி செல்சியஸ். உடனே பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, பையில் அடைத்து ஃப்ரீசரில் வையுங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். பாலின் சில பாதுகாப்புச் சத்துகளும் குறையும் என்பதால், ஃப்ரீசருக்குப் போகும் பாலுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும்.

ஏற்கெனவே உள்ள 24 பைகளுக்கு இது பயன்படாது, வந்த வாசனையைப் போக்க முடியாது. ஆனால் கொட்ட வேண்டாம். உருக்கிய பாலில் ஒரு பங்கும், ஃப்ரிட்ஜில் குளிர வைத்த புதுப் பாலில் இரண்டு மூன்று பங்கும் கலந்து கொடுத்துப் பாருங்கள். நிறைய குழந்தைகள் இதைக் குடித்துவிடுகின்றன. எல்லாப் பையும் ஒரே அளவு வாசனை அடிக்காது, சில பைகளை அவள் மறுக்காமலும் போகலாம். அப்படியும் மிஞ்சினால், ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கும்போது அதில் கலக்கலாம்.

உங்கள் மாமியார் சொன்னது

அவர் சொல்வதில் பாதி சரி. மார்பிலிருந்து நேராகக் குடிக்கும் பாலுக்கு எதுவும் ஈடில்லை. ஃப்ரீசரில் வைத்தால் உயிருள்ள அணுக்கள் அழிகின்றன, வைட்டமின் சி குறைகிறது. வெளியே வெப்பத்தில் கிடந்த பால் கெடும் என்பதும் சரிதான். ஆனால் ஒழுங்காகக் குளிர வைத்த பாலில் புரதம், கொழுப்பு, தாது உப்புகள், நோய் எதிர்ப்புப் பொருள்களில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். நீங்கள் வேலைக்குப் போனதும் அந்தப் பாலை உருக்கி ஊட்டப்போவது அவர்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் அவரோடு வாதாடாமல், கீழே சொல்வதை அவரையே ஒருமுறை செய்யச் சொல்லி, பக்கத்தில் நில்லுங்கள். தன் கையால் செய்து பார்த்தவருக்குப் பயம் போய்விடும்.

பையில் அடைப்பது முதல் ஊட்டுவது வரை

புதிதாக எடுத்த பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம் தாங்கும். அதைவிடச் சூடான அறையில் அவ்வளவு நேரம் வைக்காமல் உடனே குளிரில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் 4 நாள். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது, 12 மாதம் வரை தவறில்லை. ஃப்ரிட்ஜின் கதவுக்குள்ளேயே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டி அந்த அளவு குளிராது, அதற்கு இரண்டு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே பின்பக்கம் வையுங்கள்.

பையை முழுக்க நிரப்பாதீர்கள். உறையும்போது பால் விரியும், மேலே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். காற்றை வெளியேற்றி மூடி, தேதி எழுதி, ஒரு தட்டின் மேல் படுக்க வைத்து உறைய விடுங்கள். தட்டையாக உறைந்தால் சீக்கிரம் உருகும், புத்தகம் போல நிற்க வைத்து அடுக்கலாம். 50 மில்லி பைகள் நல்ல யோசனைதான், மாற்ற வேண்டாம். அவள் குடித்து மீதி வைத்த பாலை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது; சின்னப் பை என்றால் கொட்டுவதும் கொஞ்சமாகவே இருக்கும்.

உருக்குவதற்கு முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். முழுக்க உருகியதிலிருந்து 24 மணி நேரம் ஃப்ரிட்ஜில் தாங்கும். அவசரமென்றால் பையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்; சில இடம் கொதித்து, சில இடம் ஜில்லென்று இருக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும். உருகிய பாலில் மேலே மஞ்சளாக ஏடு ஒதுங்கி நிற்பதும், கீழே நீலம் பாய்ந்த தண்ணீர் போலத் தெரிவதும் இயல்பு. குப்பியை மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

ஊட்டும்போது குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, பாட்டிலைப் படுக்கை வசமாகப் பிடித்து, நடுநடுவே நிறுத்தி ஊட்ட வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்துப் பாட்டிலைக் கவிழ்த்தால் பால் தானாக வாய்க்குள் கொட்டும்; குழந்தை ஐந்து நிமிடத்தில் குடித்துவிட்டு இன்னும் கேட்பது போலத் தெரியும். 'நீ வைத்துவிட்டுப் போன பால் பத்தவில்லை' என்ற பேச்சு பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது.

மின்சாரம் போன அன்று

அந்த 9 பைகளை நினைத்து நீங்கள் எழுதிய வரிகளைப் படிக்க எனக்கும் வருத்தமாக இருந்தது. இனி அப்படி நேர்ந்தால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் மூடியே இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் குளிரைத் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து நிரப்பிவிடுங்கள். மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு பையையும் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஐஸ் துணுக்குகள் தட்டுப்பட்டால் திரும்ப உறைய விடலாம். முழுக்க உருகி, ஆனால் இன்னும் குளிராக இருந்தால் ஃப்ரிட்ஜுக்கு மாற்றி 24 மணி நேரத்துக்குள் கொடுங்கள்.

வேலை இடத்தில் கேட்க வேண்டியது

5 லிட்டர் சேர்க்கும் உழைப்பில் ஒரு சிறு பங்கை இதற்குச் செலவிடுங்கள், ஏனென்றால் தொடர்ந்து பால் கொடுக்க முடியுமா என்பதை இதுதான் முடிவு செய்யும். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கை, பாலூட்டும் தாய்க்குத் தினமும் ஒன்றோ அதற்கு மேலோ இடைவேளை உரிமை உண்டு என்றும், அதை வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும் என்றும் சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. உங்கள் இடத்துச் சட்டம் என்ன தருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இப்போதே மேலாளருக்கு எழுத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம், உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை, பால் வைக்க ஃப்ரிட்ஜில் ஓர் ஓரம். கழிவறை அந்த அறையாகாது. ஃப்ரிட்ஜ் கிடைக்காவிட்டால், உறைந்த ஐஸ் கட்டிகளோடு குளிர்காப்புப் பையில் 24 மணி நேரம் வரை பாலை வைத்திருக்கலாம்.

வேலைக்குப் போவதற்கு ஒரு வாரம் முன் ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். காலையில் கிளம்பி நாலைந்து மணி நேரம் வெளியே இருங்கள், பம்பையும் எடுத்துச் செல்லுங்கள். மாமியாரோ கணவரோ வீட்டிலிருந்து ஊட்டட்டும். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தாள், கலந்த பாலை ஏற்றுக்கொண்டாளா என்று ஒரு தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் காலையில் ஃப்ரிட்ஜில் எத்தனை பை உருகித் தயாராக இருக்க வேண்டும் என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.